அட்டையும் பாயிரமும்

கற்றறிந்தோர் நூலொன்றைக் கையிலெடுத்தால் முதலில் ஆசிரியர் பெயரை நோக்குவர். பின்னர்ப் பொருளடக்கத்தைப் புரட்டுவர். முன்னுரையிலே சிறிது தங்குவர். சிறுவர் அவ்வாறு செய்வதில்லை. அவர்கள் அட்டையை நோக்குவர். அட்டை அழைத்தால் உள்ளே புகுவர். அழையாவிடின் நூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அப்பாற் செல்வர். ஆதலின், முதியோர் நூலுக்கு அட்டை ஓர் உறை. சிறுவர் நூலுக்கோ அஃது ஒரு வாயில். இவ்வாயிலை அமைக்கத் தக்கவர் யார்? நூலை இயற்றிய ஆசிரியருக்கு அதன்மேல் யாது உரிமை? தம் நூலின் அட்டையைப் பற்றி ஆசிரியர் வாய்திறந்து பேசுவது தகுமா? தகுமெனின், எதனைப் பற்றிப் பேசுதல் வேண்டும்? இவ்வினாக்களைச் சில சிறுவர் நாவல்களின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டையை ஆராய்வது, சுளையை விட்டுத் தோலைச் சுவைப்பது போலாகும் என்று கூறுவாரும் உளர். அவர்தம் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், பலாவைக் குறிக்கும் 'கொஸ்' என்னும் சிங்களச் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் கொஸ்லந்தவிலே வாழும் எமக்கு, தோலை நோக்கிச் சுளையின் பக்குவத்தை அறிதல் புதியதொரு செயலன்று. முள் விரிந்துளதா, தட்டினால் எவ்வாறு ஒலிக்கின்றது என்பவற்றை அறியாது காயை அறுப்பவன் ஏமாறுவான். தோல் சுளையன்று, எனினும் சுளையைப் பற்றித் தோல் பொய் கூறுதலாகாது. அட்டையைப் பற்றி யாம் கேட்பதும் இத்துணையே.

இதனை அளந்தறிவதற்கு வேற்றுநாட்டு அளவுகோலைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டளவிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரவியலே போதும். நூலின் முன்னே நிற்கும் பாயிரத்தை, மாடத்திலே தீட்டிய சித்திரத்துக்கும், பெருநகரிலே எழுப்பிய கோபுரத்துக்கும், மகளிர் பூணும் அணிக்கும் அவர் ஒப்பிட்டுக் காட்டுவர். அச்சுப்பொறியும் வண்ண அட்டையும் கனவிலும் தோன்றாத காலத்தில், நூன்முகத்துக்கு உவமையாகச் சித்திரத்தை அவர் கூறியது எண்ணி மகிழத்தக்கது. ஏட்டுச்சுவடிக்கு அட்டைச் சித்திரம் இல்லை. அதன் பணியைப் பாயிரம் ஆற்றிற்று. இன்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனிடத்தில் பாயிரத்தின் பணியை அட்டைச் சித்திரம் ஆற்றுகின்றது.

பாயிரத்தைப் பற்றி நன்னூலார் கூறுவனவற்றுள் மூன்று செய்திகள் ஈண்டு நமக்கு வேண்டுவன. முதலாவது, சிறப்புப் பாயிரம் உணர்த்தவேண்டிய பொருள்கள்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டு. இரண்டாவது, பாயிரம் உரைத்தற்குரியோர். எத்துணைக் கற்றவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாதாகலின், நூலாசிரியன் தன் நூலுக்குத் தானே பாயிரம் உரைத்தலாகாது. அவனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், நூலுக்குத் தகுந்த உரைகாரன் ஆகிய நால்வருள் ஒருவரே அதனை உரைத்தல் வேண்டும். மூன்றாவது, இவ்விதிக்கு ஒரு புறனடை. சில இடங்களிலே புலவன் தன்னைப் பற்றித் தானே பேசலாம். அவற்றுள் ஒன்று, எதிர்நிற்போன் தன்னைப் பழித்தவிடத்து.

இரண்டாம் விதியின் உட்கிடை நுனித்து நோக்கத்தக்கது. ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்னும் நால்வருக்கும் பொதுவாக உள்ள தகுதி யாது? நால்வரும் நூலை அறிந்தவர்கள். செல்வமோ புகழோ கைவன்மையோ அத்தகுதியாகக் கூறப்படவில்லை. நூலைக் கல்லாதவன் அதன் வாயிலில் நிற்றலாகாது என்பதே இலக்கணத்தின் கருத்து. இக்கருத்தை மனத்திற்கொண்டு சில அட்டைகளை நோக்குவாம்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பித்த சார்ல்ஸ் டொட்சன், லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் எழுதிய அலிசின் கதை 1865ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் அட்டைக்கு எந்நிறம் ஏற்றது என்பதை அவர் நெடிது எண்ணினார். 1864ஆம் ஆண்டின் இறுதியில் மக்மில்லன் பதிப்பகத்தாருக்கு அவர் எழுதிய கடிதத்தில், பளிச்சென்ற சிவப்பே தக்கது என்று தெரிவித்தார். கலைநோக்கில் அதனினும் மேலான நிறம் இருத்தல் கூடுமென்பதையும் உடனே ஒப்புக்கொண்டார்; குழந்தையின் கண்ணைக் கவரும் நிறம் அதுவே என்பது அவர் காட்டிய காரணம். அங்ஙனமே சிவப்புத்துணி அட்டையில், பன்றிக்குட்டியை ஏந்தி நிற்கும் அலிசின் உருவமும், மறுபுறத்தே சிரிக்கும் பூனையின் முகமும் பொன்னிறத்திற் பொறிக்கப்பட்டன. ஆசிரியர் தம் சுவையைப் பின்னே நிறுத்திக் கேட்போரின் கண்ணை முன்னே நிறுத்தியமை நோக்குக. எட்டனுள் 'கேட்போர்' என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அலிசின் இரண்டாம் கதையிலும் இவ்வுணர்வே அவரை வழிநடத்திற்று. 1871ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அந்நூலின் தலைப்புப் பக்கத்துக்கு எதிரே வைப்பதற்கென ஓவியர் தெனியல் கொடிய பறவைவிலங்கு ஒன்றை வரைந்திருந்தார். சித்திரம் மிகச் சிறந்தது, ஆனால் அச்சமூட்டுவது. கரோல் ஏறக்குறைய முப்பது தாய்மாருக்கு அதனைக் காட்டிக் கருத்துக் கேட்டார். முடிவில் அச்சித்திரம் நூலின் உள்ளே சென்றது. அலிசோடு செல்லும் வெள்ளை வீரனின் சித்திரம் முகப்பிலே வந்தது. நூலிலே அச்சம் இருக்கலாம். வாயிலிலே அச்சம் நின்று குழந்தையைத் திருப்பியனுப்புதல் ஆகாது என்பது அவர் துணிபு. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஆசிரியர் தம்மைப் புகழ்ந்தாரல்லர். தம் நூலைப் படிக்கப்போகும் பிள்ளைக்காக வழக்காடினார்.

அடுத்து, ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'ஹொபிற்' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். அது 1937ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டனில் வெளிவந்தது. அதன் மேலுறையை டோல்கீன் தாமே வரைந்தார். இருமருங்கும் காடு, அப்பாற் பனிமூடிய மலைகள், இடையே நேரே செல்லும் ஒரு வழி, ஞாயிறும் திங்களும், ஓரத்தைச் சுற்றிப் பழைய வடவெழுத்துகள் என்றவாறு அஃது அமைந்தது. சிற்றுருவினன் ஒருவன் வீட்டைவிட்டு நெடுந்தொலைவு சென்று மீளும் கதைக்கு இதனினும் பொருத்தமான முகப்புக் கிடைத்தல் அரிது. நூலின் எல்லையும் நுதலிய பொருளும் ஒருங்கே அதில் விளங்குகின்றன. ஞாயிறு முதலியவற்றுக்குச் செந்நிறம் வேண்டுமென ஆசிரியர் விரும்பினார். இன்னொரு நிறத்தைச் சேர்த்தால் அச்சுச் செலவு மிகுமாதலின் பதிப்பகத்தார் அதனைக் கைவிட்டனர். இஃது ஒரு குறையே. நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் இதனைக் குன்றக்கூறல் எனலாம். எனினும் செந்நிறம் இன்மையால் அட்டை பொய்யாகவில்லை. வறுமையாற் பொன்னணி பூணாத பெண்ணின் முகம் மாறிவிடுவதில்லையன்றோ! ஆசிரியரும் அக்குறையோடு அமைந்தார்.

அவ்வாசிரியரே 1965ஆம் ஆண்டில் அமையாது சீறினார். அமெரிக்காவில் அவருடைய பெருநூலை வேறொரு பதிப்பகம் அவர் இசைவின்றி மலிவுப் பதிப்பாக வெளியிட்டமையால், பலன்டைன் பதிப்பகத்தார் உரிமை பெற்ற பதிப்புகளை விரைந்து வெளியிட நேர்ந்தது. அவ்விரைவிலே 'ஹொபிற்' நாவலுக்கு அட்டை வரைந்த பார்பரா றெமிங்ரன், நூலைப் படிக்கும் வாய்ப்பையே பெற்றிலர். அட்டையிலே ஒரு சிங்கமும் ஈமு என்னும் பெரும்பறவைகளும் தோன்றின. முன்னே ஒரு மரத்தில் இளஞ்சிவப்பு நிறக் கனிகள் தொங்கின. இவற்றுக்கும் கதைக்கும் என்ன தொடர்பு, இந்த இடம் எங்கேயுளது, அந்தக் கனிகள் யாவை என்ற பொருள்பட ஆசிரியர் தம் இலண்டன் பதிப்பாளருக்கு வருந்தி எழுதினார். பின்வந்த அச்சுகளிலே சிங்கம் மறைந்தது. ஓவியம் அழகற்றதன்று, அக்கால இளைஞர் பலர் அதனை விரும்பினர். அதன் குற்றம் மற்றொன்று விரித்தல். ஓவியரைக் குறைகூறுவதிலும், நூலைக் கொடாது சித்திரத்தைக் கேட்ட ஏற்பாட்டைக் குறைகூறுவதே முறையாகும். பாயிரம் உரைக்கத் தக்க நால்வருள் எவரும் அல்லாத ஒருவரிடம் பாயிரம் கேட்கப்பட்டது. விளைவு அதற்கேற்ப அமைந்தது.

இதுகாறும் கூறிய குறையும் மிகையும் பொறுத்தற்குரியன. பொறுத்தற்கரியது ஒன்று உண்டு. அதனை விளக்குதற்கு ஊர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் அனுபவத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

1929ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரிற் பிறந்து 2018ஆம் ஆண்டில் மறைந்த இவ்வம்மையார், 'எர்த்சீ' என்னும் கற்பனைத் தீவுக்கூட்டத்தைக் களமாகக்கொண்டு ஒரு நாவலை 1968ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனைப் பேர்க்லியின் பர்னாசஸ் பதிப்பகம் பதின்வயதுப் பிள்ளைகளுக்கென வெளியிட்டது. கோன்ற் என்னும் மலைத்தீவில், ஆட்டிடையனாய் வளரும் ஏழைச் சிறுவன் ஒருவன் மந்திரம் கற்கச் செல்கின்றான். கெட் என்னும் அவன், செருக்கினால் ஒரு நிழலை உலகினுள் அவிழ்த்துவிடுகின்றான். அந்நிழல் அவனைத் துரத்துகின்றது. இறுதியில் அவன் அதனைத் துரத்திச் சென்று, தன் பெயரையே அதற்கு இட்டு, அதனைத் தன்னோடு ஒன்றாக்கிக்கொள்கின்றான். ஆற்றலைப் பெறுவதினும் அதனை அடக்குவது அரிது என்பதே நூல் நுதலிய பொருள்.

இக்கதையில் ஒரு நுட்பம் உளது. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற தோழன் கருநிறத்தவன். தீவுகளில் வாழ்வோருட் பெரும்பாலோர் பழுப்பும் கருமையுமான மேனியர். கதையின் தொடக்கத்தில் வாளும் தீயுமாய் வந்து ஊரைச் சூறையாடும் கார்கு நாட்டவரே வெள்ளை மேனியும் பொன்னிற மயிரும் உடையவர். அக்காலத்து ஆங்கில மாயக்கதைகளில் வீரரெல்லாம் வெள்ளையராகவே இருந்தமையால், இஃது ஒரு பெரும் மாற்றம். ஆனால் ஆசிரியர் அதனை முரசறைந்து கூறவில்லை. வெள்ளைக்காரச் சிறுவர் தொடக்கத்திலேயே விலகி நில்லாதவண்ணம், நிறத்தைச் சிறிது சிறிதாகவே உணர்த்தினார். கெட்டின் இன்பதுன்பத்தில் படிப்போன் முழுதும் கலந்த பின்னரே, தான் புகுந்த மேனி தன் நிறத்ததன்று என்பதை அவன் அறிதல் வேண்டும் என்று கருதினார். இந்நோக்கத்தை 2004ஆம் ஆண்டில், தம் கதை தொலைக்காட்சி நாடகமாக்கப்பட்டபொழுது அதிலும் கெட் வெள்ளையனாக்கப்பட்டதை எதிர்த்து எழுதிய கட்டுரையில் அவரே விளக்கியுள்ளார்.

முதற்பதிப்பின் அட்டையை வரைந்தவர் றூத் றொபின்ஸ் என்னும் ஓவியர். செம்பழுப்பு நிறத்தில், ஒருபுறம் நோக்கிய உறுதிவாய்ந்த கெட்டின் முகம் அதில் அமைந்திருந்தது. ஆசிரியர் அதனை மனமாரப் பாராட்டினார். பின்வந்த பதிப்புகள் பலவற்றில் அவருக்கு ஓயாத தொல்லையே நேர்ந்தது. ஆங்கில நாட்டில் முதலில் வந்த பதிப்பின் அட்டையில் வெளிறி வாடிய மெல்லியன் ஒருவன் நின்றான். அதனைக் கண்டபொழுது தாம் வாய்விட்டு அலறியதாக அவர் எழுதியுள்ளார்.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நிறத்தை மெல்ல மெல்ல உணர்த்துவதே ஆசிரியரின் உத்தி எனின், முதற்பதிப்பின் அட்டையும் அவ்வுத்தியைக் கெடுத்ததன்றோ? உள்ளே பல பக்கங்கள் கடந்து அறியவேண்டியதை வாயிலிலேயே கூறிவிட்டதே! அங்ஙனமாக, ஒன்றைப் பாராட்டி மற்றொன்றைக் கண்டு அலறியது நடுநிலையாகுமா?

ஆகும் என்பதே எமது கருத்து. முற்கூறல் வேறு, மாறுகூறல் வேறு. நூல் பின்னே கூறுவதை அட்டை முன்னே கூறினால், ஆசிரியர் வைத்த வியப்பு ஒன்று குறையலாம். நூலின் உண்மை குறையாது. பாயிரத்தின் இயல்பே நுதலிய பொருளை முன்னே உணர்த்துவதன்றோ! நூல் கூறுவதற்கு எதிரானதை அட்டை கூறுமாயின், அது மாறுகொளக்கூறல் என்னும் குற்றமாகும். அதனைக் கண்ட பிள்ளை உள்ளே சொல்லைப் படிப்பான். ஆயினும் அவன் அகக்கண்ணில் நிற்பது அட்டையிலே கண்ட முகமே. சொல் பழுப்பு என்னும். சித்திரம் வெள்ளை என்னும். இளம்பருவத்தில் சித்திரமே வெல்லும். இவ்வாறு ஒரே தாளினால் ஆசிரியரின் நூல் முழுதும் மறுக்கப்படுகின்றது. தன்னை எதிர்நிற்போன் பழித்தவிடத்துப் புலவன் பேசலாம் என்ற புறனடை இவ்விடத்துக்கே உரியது. தன் நூலின் அட்டையே தன் நூலுக்கு எதிர்நிற்குமாயின், ஆசிரியன் வாளாவிருத்தல் அடக்கமாகாது, கடமை தவறுதலேயாகும்.

வெள்ளையரல்லாத வாசகர் சிலர், இவ்வகைக் கதைகளுள் தமக்கும் இடமுண்டு என்று தாம் உணர்ந்தது இந்நூல்களில் மட்டுமே என்று அவரிடம் கூறியதுண்டு. தம் இளம்பருவத்தில் அது பேருதவியாயிருந்ததென்றும் அவர்கள் சொன்னார்கள். அத்தகைய பிள்ளை ஒருவன் நூல்நிலையத்தில் வெளிறிய முகத்தைக் கண்டு, இதுவும் எனக்குரிய கதையன்று என்று எண்ணி அந்நூலை எடாது சென்றிருப்பின், அவ்விழப்பை யார் ஈடுசெய்வர்? எட்டனுள் இறுதியிலே நிற்பது பயன். பயன்பெறவேண்டியவனை வாயிலிலேயே மறித்துவிடும் அட்டை எத்துணை அழகுடையதாயினும் தீயதே.

நூலை விற்பவன் பதிப்பாளன். எந்த அட்டை விற்கும் என்பதை அவனே அறிவான். ஆசிரியன் எழுதுவதோடு நிற்க என்று கூறுவாருக்கும் விடை கூறுதல் வேண்டும். பொருளிட்டு நூலை வெளியிடுபவனுக்கு உரிமை உண்டு என்பதை மறுத்தற்கில்லை. அட்டையைப் பற்றிய இறுதி முடிவு பெரும்பாலும் அவன் கையிலேயே உளது. ஆனால் விற்பனை பற்றிய அவன் கணிப்பு எப்பொழுதும் அறிவாகாது. பல வேளைகளில் அது பழக்கமே. 2009ஆம் ஆண்டில் ஜஸ்ரின் லாபலெஸ்ரியர் என்னும் அவுஸ்திரேலிய எழுத்தாளரின் இளைஞர் நாவலொன்று அமெரிக்காவில் வெளிவரவிருந்தது. கதைத்தலைவி கறுப்பினப் பெண். அட்டையில் இருந்ததோ நீண்ட நேரான கூந்தலையுடைய வெள்ளைப் பெண்ணின் முகம். ஆசிரியர் தம் மனக்குறையை வெளிப்படையாக எழுதினார். வாசகர் பலர் அவரோடு நின்றனர். நூல் வெளிவருமுன்னரே பதிப்பகம் அட்டையை மாற்றிற்று. ஆசிரியரின் சொல் அறமுடையதாயின், வணிகமும் செவிசாய்க்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மேனாட்டு நூல்களைக் கண்டோம். நம் அயலிலும் இப்பொருளில் வழிகாட்டியோர் உளர். வங்காளத்தில் உபேந்திரகிசோர் ராய் சௌதரி சிறுவருக்கென எழுதிய இராமாயணத்தின் சித்திரங்கள் மரக்கட்டை அச்சிலே சிதைந்து வந்தன. அவர் அதனைக் கண்டு புலம்பியதோடு நின்றாரல்லர். 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வருவித்து, சித்திரத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் முறையைத் தாமே ஆராய்ந்து, சிறந்த அச்சகமொன்றை நிறுவினார். 1913ஆம் ஆண்டில் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழையும் தொடங்கினார். அவருடைய பெயரர் சத்தியஜித் ராய். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவருக்கெனச் சுருக்கி வெளியிட்டபொழுது, 1940களில் கல்கத்தாவின் சிக்னெற் பதிப்பகம் இளைஞராயிருந்த ராயிடம் அதற்குச் சித்திரம் வரையும் பணியை ஒப்படைத்தது. அவர் அதுவரை அந்நாவலைப் படித்திலர், வரைவதற்காகப் படித்தார், படித்ததிலே தம்மை இழந்தார். அச்சித்திரங்களை வரைந்தபொழுது உள்ளத்தில் விழுந்த வித்தே 1955ஆம் ஆண்டில் உலகறிந்த திரைப்படமாய் முளைத்தது. படிக்காது வரைந்ததால் விளைந்த சிங்கத்தை முன்னே கண்டோம். படித்து வரைந்ததால் விளைந்த காவியத்தை ஈண்டுக் காண்கின்றோம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடே இக்கட்டுரை கூற விழைவது.

நம் நாட்டிலே, காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் 1927ஆம் ஆண்டிற் பிறந்து 2020ஆம் ஆண்டில் மறைந்த சிபில் வெத்தசிங்க அம்மையார் இன்னொரு வழியைக் காட்டினார். 1956ஆம் ஆண்டில் நூலாக வந்த அவருடைய 'குட ஹொரா' என்னும் குடைத்திருடன் கதை நாவலன்று; சிறிய சித்திரக்கதையே. குடையையே கண்டறியாத ஊரான் ஒருவன் நகரிலிருந்து வாங்கிவரும் குடைகள் ஒவ்வொன்றாய் மறைகின்றன. திருடன் ஒரு குரங்கு. எழுதிய கையே வரைந்த கையுமாதலின், சொல்லுக்கும் சித்திரத்துக்கும் இடையே அங்கு மாறுபாட்டுக்கு இடமில்லை. ஒரு சிங்களச் சிற்றூரின் மண்ணும் மனிதரும் அதன் ஒவ்வொரு கோட்டிலும் உளர். அதுவே 1986ஆம் ஆண்டில் யப்பானிலே சிறந்த வெளிநாட்டு நூலெனப் பாராட்டப்பட்டது. உலகினர் விரும்பவேண்டுமென்று ஊரின் முகத்தை மாற்றவேண்டியதில்லை என்பதை இது தெளிவுறுத்தும்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். மலையகத்தைப் பற்றிய சித்திரம் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது யாது? பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற மலைச்சரிவு, கொழுந்துக்கூடை சுமந்து புன்னகை பூத்து நிற்கும் ஒரு பெண், பின்னே வெண்முகில். தேயிலைப் பொட்டலத்திலும், நாட்காட்டியிலும், சுற்றுலா விளம்பரத்திலும் இதனையே காண்கின்றோம். வெயிலுக்கும் அட்டைக்கடிக்கும் ஈடுகொடுத்து, இடுப்பிலே படங்கு கட்டி, நிறை குறையுமோ என்ற கவலையோடு மலையேறும் பெண்ணை அதில் காண்பதரிது. இச்சித்திரத்தைச் சிறுவர் நாவலொன்றின் அட்டையிலும் எடுத்து வைத்துவிடுதல் எளிது, எவரும் குறைகூறார். ஆனால் அது கூறியது கூறல் என்னும் குற்றமாகும். அது நூலை அறிவிப்பதில்லை; தேயிலையை அறிவிக்கின்றது. அதில் சிறுவனும் இல்லை, சிறுமியும் இல்லை.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம் பழமொழி. அதனை எண்ணியே கோகிலம் சுப்பையா அம்மையார் 1964ஆம் ஆண்டில் வெளிவந்த தம் தோட்டத்து நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயர் சூட்டினார். அது முதியோருக்கான நாவலெனினும், அதன் பெயர் அட்டை வரைவோருக்கெல்லாம் ஓர் எச்சரிக்கையாகும். தூரத்தில் நின்று வரைபவனுக்குப் பச்சை மட்டுமே தெரியும். அருகே சென்றவனுக்கே லயமும், இஸ்தோப்பும், பீலியடியில் குடத்தோடு நிற்கும் சிறுமியும், பிள்ளைக்காம்பிராவில் தம்பியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் அண்ணனும், திருவிழாவிலே தப்பு முழங்க முன்னே ஆடும் சிறுவரும், காமன் கூத்திலே ஒப்பனையிட்ட முகங்களும் தெரியும்.

எமது கொஸ்லந்தப் பகுதியில் இவ்வுண்மை இன்னும் கடுமையாக விளங்குகின்றது. இங்கு வருவோர் தியலும அருவியைக் கண்டு வியப்பர். ஏறக்குறைய 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அவ்வருவி வியக்கத்தக்கதே. ஆனால் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், மீரியபெத்தையில் அதே மலைகளுள் ஒன்று சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்தமையால் உயிர்பிழைத்த பிள்ளைகள் உளர். அவர்களுள் தாய்தந்தையரை இழந்தோரும் உளர். அப்பிள்ளைகளுக்குப் பசுமலை வெறுங் குளிர்ச்சியன்று. அவர்களுடைய கதையை என்றேனும் ஒருவர் சிறுவர் நாவலாக எழுதுவாராயின், அதன் அட்டையிலே புன்னகையும் பச்சையும் மட்டுமே நிற்றல் மாறுகொளக்கூறலினும் கொடியதொன்றாகும். அச்சமூட்டும் மண்சரிவை வரைந்து வாயிலில் நிறுத்துதலும் ஆகாது என்பதைக் கரோலிடத்துக் கற்றோம். பின் எதனை வரைவது? புத்தகப் பையோடு மலைப்பாதையில் நின்று, தன் லயம் இருந்த பக்கத்தை நோக்கும் ஒரு பிள்ளையின் முகம் போதும். அம்முகம் இந்தத் தோட்டத்துப் பிள்ளையின் முகமாயிருத்தல் வேண்டும். வேறெந்த நாட்டுச் சித்திரப் புத்தகத்திலிருந்தும் பெயர்த்தெடுத்த முகமாயிருத்தல் கூடாது.

ஆசிரியர் எவரும் தம் வகுப்பிலே இதனைச் சோதித்தறியலாம். ஒரு சிறுவர் நூலின் அட்டையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டி, இதனுள்ளே யாருடைய கதை இருக்கும் என்று வினவுக. பின் நூலைப் படித்துக் காட்டி, அட்டை சொன்னது மெய்யா என்று வினவுக. பிள்ளைகளின் விடைகள் பல திறனாய்வுக் கட்டுரைகளுக்கு ஒப்பாகும். கரோல் தாய்மாரைக் கேட்டார். யாம் பிள்ளைகளையே கேட்கும் பேறு பெற்றுள்ளோம்.

முடிவாக, யாம் ஆராய்ந்தவற்றைத் தொகுத்துரைப்பாம். சிறுவர் நூலுக்கு அட்டையே பாயிரம். ஆசிரியன் அதனைத் தானே வரையவேண்டும் என்பதில்லை. வரைய வல்லவனாயின் நன்று. குறைவுபடினும் பொறுத்தல் தகும். ஆனால் நூலைப் படியாதவர் அதனை வரையாதபடி காத்தல் அவன் உரிமை. நூலுக்கு மாறாக அஃது அமையுமிடத்து வாய்திறந்து பேசுதல் அவன் கடமை. அவ்வாறு பேசும்பொழுது அவன் தன் பெருமைக்காகப் பேசுதலாகாது. நூலைப் படிக்கவேண்டிய, ஆனால் வாயிலிலேயே திரும்பிச் சென்றுவிடக்கூடிய அந்தப் பிள்ளைக்காகப் பேசுதல் வேண்டும்.

நன்னூலார் பாயிரத்துக்கு உரியோராகக் கூறிய நால்வருள் ஒருவன், உடன்கற்றவன். நம் கல்லூரி மாணவருள் எழுத வல்லார் உளர். அவர் அருகிலே அதே வாங்கில் அமர்ந்து வரைய வல்லாரும் உளர். ஒரே மலையில் வளர்ந்து, ஒரே பாதையில் நடந்து, ஒரே பாடத்தைக் கற்றவர்கள் அவர்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் படித்து வரைவாராயின், நாளைக்கு இம்மலையிற் பிறக்கும் சிறுவர் நாவலின் வாயிலிலே நம் பிள்ளையின் முகம் நிற்கும். அதனைக் காணும் லயத்துச் சிறுமி, இஃது என் கதை என்று சொல்லி நூலைக் கையிலெடுப்பாள். அட்டை பெற்ற பயன் அதுவே.